கட்டுரை வகுப்பில் கூகுள் டாக்ஸ்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவந்தவை

இணையவழியில் தமிழ்க் கட்டுரை சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் மைக், வெளிச்சம், ஸ்லைடு என்று வீடியோவுக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். மாணவரின் எழுத்து தேறுவதற்கும் இவற்றுக்கும் பெரிய தொடர்பில்லை. பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியரால் எட்டிப் பார்க்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். கூகுளின் மீட் (வீடியோ வகுப்பு), கிளாஸ்ரூம் (பணி கொடுத்து வாங்கும் தளம்), டாக்ஸ் (இணையத்தில் எழுதும் ஆவணம்) மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அது முடிகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களோடு சில கல்வியாண்டுகள் புழங்கியதில் தேறியது இங்கே.

முதல் சிக்கல் ஆவணத்தைப் பகிரும்போதே தொடங்கும். ஒரே ஆவணத்தின் இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினால், கூகுள் கணக்கில் நுழையாமல் வருபவர்கள் பெயரில்லாமல், ஏதோ ஒரு விலங்கின் பெயரில் தெரிவார்கள். யார் எந்த வரியை எழுதினார், யார் அழித்தார் என்பது தெரியாது. அதனால் கிளாஸ்ரூமில் பணி கொடுக்கும்போதே 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்ற தேர்வைப் போட்டுவிட வேண்டும். தானாக வருவது 'பார்க்க மட்டும்' என்பது. பணியை வெளியிட்டபின் நகல் தேர்வுக்கு மாற்ற முடியாது, அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். இன்னொன்று: மாணவர் பணியை ஒப்படைக்கும் 'டர்ன் இன்' பொத்தானை அழுத்திவிட்டால் தன் கட்டுரையில் கை வைக்க முடியாது. "மிஸ், டைப் ஆகல" என்று வரும் செய்திகளில் பாதிக்கு மேல் இதுதான். ஒப்படைத்ததைத் திரும்பப் பெறும் 'அன்சப்மிட்' எங்கே இருக்கிறது என்பதை முதல் வகுப்பிலேயே திரையில் காட்டிவிடுங்கள்.

இலவச மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம்தான். அது போதும். முதல் 10 நிமிடம் ஒரு பத்தியை வாசித்துப் பேசுவது, அடுத்த 10 நிமிடம் சாட்டில் குறிப்புச் சேகரிப்பது, பிறகு 20 நிமிடம் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு எழுதுவது, மீதி நேரத்தில் இரண்டு பத்திகளை எல்லோரும் சேர்ந்து திருத்துவது. அந்த 20 நிமிட அமைதி புதிதாக வரும் ஆசிரியருக்குச் சங்கடமாக இருக்கும். ஏதாவது பேச வேண்டும்போலத் தோன்றும். பேசாதீர்கள். அந்த நேரத்தில் ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கமெண்ட் போடுங்கள். பெயரைக் கூப்பிட்டுக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகூட, தன் வரிக்குப் பக்கத்தில் கேள்வி முளைப்பதைப் பார்த்ததும் பதில் எழுதும். ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இந்தச் சுற்று முடியாது. இரண்டு குழுவாகப் பிரிப்பதே நல்லது.

சாட்டுக்கும் ஒரு வழி உண்டு. எல்லோரும் பதிலைத் தட்டச்சிட்டு வைத்துக்கொண்டு, ஆசிரியர் சொன்னபின்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்த பதிலையே மற்றவர்களும் திருப்பிப் போடுவார்கள்.

திருத்துவது எப்படி என்பதில்தான் டாக்ஸின் பலமும் பலவீனமும் தெரிகின்றன. 'சஜஸ்டிங்' முறையில் ஆசிரியர் மாற்றியதை மாணவர் ஒரு டிக்கில் ஏற்றுக்கொள்ளலாம். படிக்காமலே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு போய்விடுவார்கள். கட்டுரை திருந்தும், பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. அதனால் சஜஸ்டிங்கை ஒற்றுப்பிழைக்கும் எழுத்துப்பிழைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கருத்துக்கு கமெண்டில் கேள்வி கேட்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு மூன்று கேள்வி போதும்.

நெகிழி பற்றிய கட்டுரையில் வழக்கமாக வரும் வரி: "நெகிழிப் பயன்பாடு சுற்றுச்சூழலுக்குப் பெரும் தீங்கு விளைவிக்கிறது. எனவே நாம் அனைவரும் அதைத் தவிர்க்க வேண்டும்." இதில் இலக்கணப் பிழை இல்லை, சிவப்பு மையால் வட்டமிட எதுவும் இல்லை. "உங்கள் தெருக் கடையில் எதை எதில் கட்டித் தருகிறார்கள்?" என்று ஓரத்தில் கேட்டால் இப்படி மாறும்: "எங்கள் தெரு மளிகைக் கடையில் சர்க்கரையை ஒரு நெகிழிப் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டும் குப்பைக்குப் போகின்றன." அடுத்த கேள்வி: "தடை இருக்கிறதே, எப்போதிலிருந்து?" தேடிப் பார்த்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்று சேர்ப்பார்கள். இப்போது கட்டுரைக்குள் ஒரு முரண் வந்துவிட்டது: தடை இருக்கிறது, பையும் இருக்கிறது. அடுத்த பத்தி தானாகப் பிறக்கும்.

தமிழ்த் தட்டச்சு பெரிய தடை. தங்கிலீஷில் அடித்துத் தமிழாக மாற்றும் விசைப்பலகையில் ல, ள, ழ குழப்பம் கூடும், ஏனென்றால் பரிந்துரையில் முதலில் வருவதையே தொட்டுவிடுகிறார்கள். தமிழ் எழுத்துகளையே நேரடியாக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை பழக நாளாகும். பழகியவர்களிடம் இந்தக் குழப்பம் குறைவு. தட்டச்சு வேகம் இல்லாதவர்கள் முதல் வரைவைக் குரல்வழி சொல்லலாம். கணினியில் குரோம் உலாவியில் டாக்ஸின் டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது, மொழியைத் தமிழ் என்று மாற்ற வேண்டும். நிறுத்தக்குறி, பத்திப் பிரிப்பு, வல்லினம் மிகும் இடம் எல்லாம் பிறகு கையால் பார்க்க வேண்டியவை. நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய 'வாணி' பிழைதிருத்தியும் ஒற்றுப்பிழைக்கு 'நாவி' என்ற திருத்தியும் உதவுகின்றன. ஆனால் அவை காட்டுவதை அப்படியே ஏற்கக் கூடாது. ஏன் அங்கே 'ப்' வந்தது என்று மாணவர் ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டும்.

ஆசிரியர்கள் பழைய வினாத்தாள்களைக் கொண்டுவரும்போது கவனியுங்கள். யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றை டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டே ஒட்ட வேண்டும்.

நகலெடுத்தலைக் கண்டுபிடிக்க, ஆவணம் எப்போது எப்படி மாறியது என்று காட்டும் 'வெர்ஷன் ஹிஸ்டரி' பயன்படும்: முந்நூறு சொல் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் தெரிந்துவிடும். அதை வைத்து மட்டும் குற்றம் சாட்டுவது அநியாயம். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊர்களில் பிள்ளைகள் போனின் குறிப்பேட்டில் எழுதிவைத்து ஒட்டுகிறார்கள். அந்தப் பத்தியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அதை ஏன் போட்டாய் என்று தனியாகக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

போனில் மட்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு சிரமம்தான். மீட்டும் டாக்ஸும் ஒன்றாக ஓடினால் நினைவகம் குறைந்த போன் திணறும். எழுதும் 20 நிமிடம் அவர்கள் மீட்டிலிருந்து வெளியேறி, முடிந்ததும் திரும்பி வரலாம். கமெண்ட் எப்படியும் ஆவணத்துக்குள் வந்துவிடும்.

டாக்ஸால் தீராத குறை ஒன்று உண்டு. பொதுத்தேர்வு தாளில் பேனாவால் எழுதுவது. திரையிலேயே எழுதிப் பழகியவருக்குக் கைவேகம் போய்விடும், அடித்துத் திருத்தாமல் முதல் முயற்சியிலேயே வாக்கியம் அமைக்கும் பழக்கமும் தளரும். அதனால் வரைவும் திருத்தமும் டாக்ஸில் இருந்தாலும், மாதத்தில் இரண்டு கட்டுரையின் இறுதி வடிவத்தை நேரம் வைத்துத் தாளில் எழுதி, ஆண்ட்ராய்டு போனின் கூகுள் டிரைவில் உள்ள ஸ்கேன் வசதியால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால் நிழல் விழுந்து, புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.