105 கிராம் கேஸா, 0.95 யூனிட் கரண்டா? என் இண்டக்‌ஷன் அடுப்பு

"மேடம், கேஸுக்கு ஆகுறதுல பாதிதான் ஆகும்" என்றார் கடைக்காரர். எதில் பாதி? ரூபாயிலா, வெப்பத்திலா? பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவள் நான். அலகு போடாத விடைக்கு மதிப்பெண் குறைப்பேன். 2000 வாட் அடுப்பை வாங்கி ஒரு மாதம் சமைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தும் பார்த்துவிட்டேன்.

அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரம், மூடி போட்டு 2 லிட்டர் தண்ணீர், 28 டிகிரியிலிருந்து 98 வரை. இதில் ஐந்து தடவை, கேஸில் ஐந்து தடவை. கரண்டுக்குப் பிளக்கில் சொருகும் மீட்டர். கேஸுக்கு, தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் 5 கிராம் வரை காட்டும் தராசை இரவல் வாங்கி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டரை முன்னும் பின்னும் எடை போட்டேன். ஐந்து தடவைக்கும் சேர்த்து கரண்ட் 0.95 யூனிட். கேஸ் 105 கிராம்.

யூனிட்டையும் கிராமையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. இரண்டையும் கிலோஜூலுக்குக் கொண்டுவர வேண்டும். யூனிட் சுலபம்: ஒரு யூனிட் 3600 கிலோஜூல், ஆக 3420. கேஸுக்குத்தான் கொஞ்சம் வேலை. சமையல் கேஸில் இருக்கும் பியூட்டேன் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) எரிந்தால் 2878 கிலோஜூல் என்று பாடத்தில் படிக்கிறோம். மீத்தேனுக்கு அது 890தான், அதனால் பியூட்டேனே மேல் என்று வருஷா வருஷம் பிள்ளைகள் எழுதுவார்கள். நாம் கேஸை மோல் கணக்கிலா வாங்குகிறோம்? ஒரு மோலின் எடையான மோல் நிறையால் வகுத்தால் மோல் அடிபட்டு கிராம் வந்து நிற்கும்: பியூட்டேன் கிராமுக்கு 49.5, மீத்தேன் 55.6. வரிசையே தலைகீழாகிறது! இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் தாங்களாகப் போட்டுப் பார்க்கும் நாள்தான் எனக்கு அந்த வருஷத்தின் நல்ல நாள்.

அடுப்பில் எரியும்போது உண்டாகும் நீர் ஆவியாகவே போய்விடுகிறது, ஆவியாக்கிய வெப்பமும் அதோடு போகிறது. ஒரு மோல் பியூட்டேனுக்கு ஐந்து மோல் நீர், மோலுக்கு 44 கிலோஜூல். அந்த 220ஐக் கழித்தால் கிராமுக்கு 45.7. சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருக்கும், அதற்கு 46.3, பெரிய வித்தியாசமில்லை. ஆக 105 கிராமுக்கு ஏறக்குறைய 4800 கிலோஜூல்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல். தண்ணீருக்குள் போனது 10 கிலோ, 70 டிகிரி, 4.18 என்று பெருக்கினால் 2926. இண்டக்‌ஷன் 100க்கு 86ஐத் தண்ணீருக்குக் கொடுக்கிறது, என் கேஸ் அடுப்பு 61. நேரமும் குறைவு: ஒரு தடவைக்கு ஆறரை நிமிடம், கேஸில் எட்டு.

இனி ரூபாய். 105 கிராமுக்கு 0.95 யூனிட் என்றால் 14.2 கிலோ சிலிண்டருக்கு 128 யூனிட். நான் கடைசியாகக் கொடுத்த 868 ரூபாய் 50 காசை அதால் வகுத்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 78 காசு. உங்கள் வீட்டு ரீடிங்கில் கடைசி யூனிட் எந்த விலைப்படியில் விழுகிறதோ அது இதைவிடக் குறைவு என்றால் லாபம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நம்பி வாங்காதீர்கள். ஃபேனும் ஃபிரிட்ஜும் அதை முன்பே தின்றிருக்கும். பாதிச் செலவு என்றது எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

குறை உண்டு. சிம்மில் வைத்தால் சூடு சீராக வராது. விட்டு விட்டு வேலை செய்கிறது. ஐந்து விநாடி பால் பொங்கும், ஐந்து விநாடி அடங்கும், அடியும் பிடிக்கிறது. இரும்பு தோசைக்கல்லுக்கு மட்டும் அருமை, வீட்டில் எல்லாருக்கும் தோசை இதில்தான். விசிறிச் சத்தம் பழகிவிட்டது.

அம்மாவின் அலுமினியக் குக்கர் இதில் சூடாகவே இல்லை. வாங்கப் போகுமுன் ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாததெல்லாம் கேஸுக்குத்தான். எங்கள் வீட்டில் பதினொன்றில் நான்குதான் ஒட்டின.