வளைவை எண்ணெய் போட்டு நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்

குலசேகரம் பக்கம் எனக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. வயது 54. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் என்பதால் பெயர் போடாமல் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு, ஆடி மாதத்தில், ஆணுறுப்பு விறைக்கும்போது வலி வந்தது. ஒரு மாதத்துக்குள் அது மேல்பக்கமாக வளைய ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் பயறு போல ஒரு கட்டி. புற்றுநோய் என்றே நினைத்து இரவெல்லாம் விழித்திருந்தேன். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் ஊர்க்காரர் யாராவது நிற்பார், என்ன விஷயம் என்று கேட்பார். அந்தப் பயத்தில் போகவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு கழிப்பறைச் சுவரில் ஸ்டிக்கர் பார்த்தேன். வளைவு, சிறுத்தல், தளர்ச்சி எல்லாவற்றுக்கும் 48 நாளில் தீர்வு, ரகசியம் காக்கப்படும் என்று இருந்தது. ‘ரகசியம்’ என்ற அந்த ஒரு சொல்தான் என்னை அந்த லாட்ஜ் அறைக்குக் கொண்டு போனது.

அவர் தன்னைப் பரம்பரை வர்ம ஆசான் என்று சொல்லிக்கொண்டார். நம் மாவட்டத்தில் உண்மையான ஆசான்கள் உண்டு. பனையிலிருந்து விழுந்த என் தாத்தாவின் தோளைச் சரியாக்கியவர் ஓர் ஆசான்தான், முன்பணம் என்று ஒரு பைசா கேட்டதில்லை. இவர் அந்த மரியாதையை எடுத்து வியாபாரம் செய்கிறவர். கட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை, சர்க்கரை உண்டா என்று கேட்கவில்லை. “சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?” என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அதோடு நான் அவர் கையில்.

இரண்டு பாட்டில் எண்ணெய், ஒரு பொடி, ஒரு லேகியம். 18,500 ரூபாய். எண்ணெயைத் தடவி, விறைத்த நிலையில் எதிர்ப்பக்கமாகக் கால் மணி நேரம் திருகி நிமிர்த்த வேண்டுமாம். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில், தொங்குகிற ஷீட்டுகளுக்குப் பின்னால் பாட்டில்களை ஒளித்து வைத்தேன். பால்வெட்டு முடிந்து வந்ததும் அங்கேயே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதைச் செய்வேன்.

நான்காவது மாதம் வலி குறைந்தது. சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது, உடனே போன் செய்தேன். “அண்ணே, மருந்து பிடிச்சாச்சு. இப்ப விட்டா பழையபடி ஆயிரும்” என்றார். இரண்டாவது சுற்றுக்கு 24,000 கொடுத்தேன். வளைவு மட்டும் கூடிக்கொண்டே போனது. அது கழிவு இறங்குகிற நேரம் என்றார்.

ஏழாவது மாதம் மனைவி பாட்டிலைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அத்தனை மாதமும் நினைத்திருக்கிறாள். “எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?” என்றாள். மறுநாளே இரண்டு பேருமாக நாகர்கோவிலுக்கு யூராலஜி டாக்டரிடம், அதாவது சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு நோய்களைப் பார்க்கிறவரிடம் போனோம்.

அவர் முதலில் கையைக் காட்டச் சொன்னார். மோதிர விரலுக்குக் கீழே உள்ளங்கையில் கயிறு போல ஒரு தடிப்பு இருந்தது. வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்தது என்றே நான் நினைத்திருந்தேன். அது காய்ப்பு இல்லை, தோலுக்கு அடியில் திசு சுருங்குகிற டூபிட்ரன் என்ற நோய் என்றார். அது உள்ள ஆண்களுக்கு இந்த வளைவும் வருவது உண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வரும். பெய்ரோனி நோய் என்று பெயர். 1743-லேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவர் எழுதி வைத்தது. உறுப்புக்குள் ரத்தம் நிரம்பும் பகுதியைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதில் தழும்பு விழுந்தால் அந்தப் பக்கம் விரியாது, அதனால் அந்தப் பக்கமாக வளைகிறது. புற்றுநோய் இல்லை, கைப்பழக்கத்துக்குத் தண்டனையும் இல்லை.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் நான் எப்படி ஏமாந்தேன் என்று விளங்கியது. இந்த நோயின் முதல் கட்டத்தில் வலி இருக்கும், வளைவு கூடும். சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு வலி தானாகவே அடங்கிவிடும். வளைவு அப்படிப் போவது அபூர்வம். ஆக, யார் எதைக் கொடுத்திருந்தாலும் என் வலி போயிருக்கும். அந்த ஆளுக்கு இது தெரிந்திருக்கிறது. தானாகப் போன வலியைக் காட்டித்தான் இரண்டாவது சுற்றை விற்றார். திருகியதால்தான் வளைவு கூடியதா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் விறைத்த உறுப்பைத் திருகுவது புதுக் காயத்துக்கு வழி என்றார் டாக்டர்.

வைட்டமின் ஈ மாத்திரை பற்றியும் கேட்டேன். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டுதலே அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறதாம். அதிர்வலை சிகிச்சை வலிக்கு உதவலாம், வளைவை நிமிர்த்தாது. தழும்புக்குள் போடும் ஊசிகள் உண்டு. அதில் கொலாஜினேஸ் என்பதற்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது, 30 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்தவர்களுக்கு. எட்டு ஊசி வரை போக வேண்டியிருக்கும் என்றதும் செலவை நினைத்து அதை விட்டோம். உறுப்பை மெல்ல இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கருவியும் உண்டு, தினமும் பொறுமையாக மாட்டிக்கொள்ள வேண்டும்.

வளைவு ஒரே அளவில் நிற்கும் வரை ஆபரேஷன் கூடாது என்று காத்திருக்கச் சொன்னார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தேன். அப்புறம் ஊசி போட்டு விறைக்க வைத்து அளந்தார்கள், 55 டிகிரி. தழும்புக்கு எதிர்ப்பக்கம் தையல் போட்டு நிமிர்த்தும் முறையைச் சொன்னார். நீளம் கொஞ்சம் குறையும் என்பதை மனைவி முன்னிலையில் முதலிலேயே சொல்லிவிட்டார். இதைவிட அதிகம் வளைந்தால் தழும்பை வெட்டி ஒட்டுப் போடுவார்களாம், அதில் விறைப்பு குறைய வாய்ப்பு கூடுதல். மாத்திரைக்கும் விறைக்காதவர்களுக்கு உள்ளே செயற்கைத் தண்டு வைப்பது உண்டு. எனக்குத் தையல் முறைதான், போன தை மாதம் நடந்தது. லேசான வளைவு மிச்சம் இருக்கிறது. தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஊருக்கெல்லாம் தெரியணுமா அண்ணே?” என்றார் அந்த ஆள். ரகசியம் காக்கிறேன் என்று சுவரில் ஒட்டியவர் சொன்ன பதில் இது. ஆண்மைச் சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைக்காமல் விட்டேன். நீங்கள் பார்த்தால் எடுத்து வையுங்கள்.

இந்த வலியோடு யாராவது இதைப் படித்தால், ஆஸ்பத்திரி கவுண்டரில் எதையும் விளக்க வேண்டியதில்லை. “யூராலஜி டாக்டரைப் பார்க்கணும்” என்றால் போதும். விறைத்த நிலையில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்து போனில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்பார். உள்ளங்கையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.