இரட்டை வேக ஆக்சில் உள்ள பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன அக்டோபரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் மேற்குப் பக்கம் பழைய லாரி விற்கும் ஒருவரிடம் 1974 மாடல் இன்டர்நேஷனல் லோட்ஸ்டார் 1600 வாங்கினேன். தானியம் ஏற்றும் பெட்டி, 345 வி8 இன்ஜின், ஐந்து கியர், பின்னால் ஈட்டன் இரட்டை வேக ஆக்சில். இந்த ரக வண்டிக்காகப் பல வருடம் காசு சேர்த்தவன் நான், அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஆக்சிலுக்குள்ளேயே ஹை, லோ என்று இரண்டு பல்சக்கர விகிதம் இருக்கும். கியர் ராடில் ஒரு பட்டன் இருக்கும், மேலே இழுத்தால் ஹை, கீழே அழுத்தினால் லோ. ஆனால் அழுத்தியவுடன் ஆக்சில் மாறாது. ஆக்சில் மேல் உள்ள மின்மோட்டார் ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி வைத்துக்கொள்ளும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பல்சக்கரங்களின் மேல் உள்ள இழுவை விட்டதும்தான் உள்ளே மாறும். ஐந்து கியர் பத்தாகும். லோடோடு மேடு ஏறவும், அதைவிட முக்கியமாக இறங்கவும், அந்த லோ வேண்டும்.

விற்றவர் வண்டியை நிறுத்தி வைத்தே சாவியைத் திருப்பி பட்டனை ஆட்டிக் காட்டினார். பின்னால் மோட்டார் விர்ரென்றது, வேலை செய்கிறது பாருங்கள் என்றார். அப்புறம் காலி வண்டியில், சமதளத்தில், இரண்டு மைல் ஓட்டினேன். லோவில் வித்தியாசமே தெரியவில்லையே என்று கேட்டதற்கு, லோடு ஏற்றினால்தான் தெரியும் என்றார். இது பச்சைப் பொய். காலி வண்டியிலும் இன்ஜின் சத்தம் கட்டாயம் மாறும்.

முதல் லோடு மக்காச்சோளம், லெஸ் ஹில்ஸ் குன்றுகள் வழியாக. உச்சியில் லோ போட்டு காலை எடுத்தேன், எதுவும் மாறவில்லை, இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. பாதி இறக்கத்திலேயே டிரம் பிரேக் கருகும் வாசனை, மிதித்தால் மிதி கீழே போகிறது, வேகம் குறையவில்லை. கீழே சாலை மறுபடி மேடாக ஏறியதால்தான் வண்டி நின்றது. என் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஹை, லோவை மாற்றித் தள்ளும் ஃபோர்க் நகராதபடி ஹையிலேயே ஒரு இரும்புத் துண்டை வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள்! மோட்டார் சும்மா சத்தத்துக்கு. முந்தைய சொந்தக்காரர் செய்தது என்கிறார் விற்றவர். இருக்கலாம், ஆனால் அந்த மோட்டாரின் போல்ட்டுகள் மட்டும் ஏன் புத்தம் புதிதாக இருந்தன என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. உள்ளது உள்ளபடி வாங்குகிறேன் என்று கையெழுத்து போட்டிருக்கிறேனாம், பணம் திரும்ப வராதாம். பழைய ஆக்சில் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்ற 1,900 டாலர் ஆனது.

வாங்குவதற்கு முன் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்று சுற்ற, புரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பட்டனை மாற்றி, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துவிட்டு மறுபடி எண்ணினால் எண்ணிக்கை மாறியே ஆக வேண்டும், லோவில்தான் அதிகம். ஓட்டும்போதும் நான்காவது கியரில் ஒரே வேகத்தில் போய் ஹை, லோ மாற்றிக் கேளுங்கள். ஸ்பீடோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், ஹை, லோவுக்கு ஏற்ப அதைச் சரிசெய்யும் அடாப்டர் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும்.

அதே ஆள் இப்போது ஒரு மஞ்சள் செவர்லே சி60 லாரியை விற்பனைக்கு வைத்திருக்கிறார், ஆக்சில் அருமை என்று எழுதி. யாராவது பார்க்கப் போவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், ஜாக்கியோடு நானும் வருகிறேன்.