மூன்றரை நொடித் தேங்காய்

பர்மாவின் மோல்மீன் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "உங்க கடை ஆப்ல ஒரு சின்னப் பெட்டி படத்தோட எட்டிப் பார்த்துட்டுப் போகுதே, அதை எங்க கடைக்கும் வைக்கலாமாடா?" அவன் கேட்டது ஆண்ட்ராய்டின் டோஸ்ட்டை. சூட்டில் வாட்டிய ரொட்டி மெஷினிலிருந்து துள்ளி எழுவதுபோல எழும், தானே போய்விடும். அதோடு ஆறேழு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். ஒற்றை வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை.

யாங்கோனில் அனவ்ரட்டா சாலையை ஒட்டிய சந்தில் மாமாவுக்கு மளிகை, பூஜைச் சாமான் கடை. இருப்புக் கணக்குக்காக 2018இல் நான் ஒப்பேற்றியதுதான் இந்த ஆப். ஒரு சரக்கு தீரப் போகிறது என்றால் டோஸ்ட் வர வேண்டும், அவ்வளவுதான் திட்டம். எழுத்தில் போட்டேன். அங்கேயே தகராறு ஆரம்பித்தது. மாமா தமிழ் படிப்பார். பர்மியம் சரளமாகப் பேசுவார், படிக்கச் சொன்னால் தடுமாறுவார். கல்லாவில் இருக்கும் பர்மியப் பெண்ணுக்குத் தமிழ் என்றால் 'எவ்வளவு', 'சில்லறை' இரண்டுதான். சரி, அவள் போனில் பர்மியத்தில் வரட்டும் என்று மாற்றினேன். கொத்துக்கறி மாதிரி வந்தது. அவள் போனில் பர்மியத்துக்கான பழைய ஸாவ்ஜி எழுத்துரு; நான் எழுதியதோ யூனிகோட். இரண்டும் ஒரே குறியெண்களை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துவதால், ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் எழுத்தின் துணைக்குறிகள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். 2019 அக்டோபர் 1இல்தான் அரசாங்கம் நாள் குறித்து யூனிகோடுக்கு மாறச் சொன்னது. அதற்கு முன் இந்த ஊரில் ஆப் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அழுவார்கள்.

வெறுத்துப்போய் எழுத்தையே எடுத்துவிட்டுத் தேங்காய்ப் படத்தைப் போட்டேன். படத்துக்கு ஸாவ்ஜி ஏது, யூனிகோட் ஏது? இரண்டு பேருக்கும் புரிந்தது. மஞ்சள், கற்பூரம், ஊதுபத்தி, துவரம்பருப்பு என்று வரிசையாகச் சேர்த்தேன். பச்சை ஓரம் இருந்தால் சரக்கு வந்தது, சிவப்பு ஓரம் இருந்தால் தீரப் போகிறது. ஒருவருக்கும் நான் சொல்லித்தரவில்லை. கடைப் பையன் முதல் நாளே "சிவப்புத் தேங்காய்!" என்று கத்தினான். இந்த ஆப்பில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

செய்வதும் கஷ்டமில்லை. படத்துக்கு ஓர் இடம், எழுத்துக்கு ஓர் இடம் என்று சின்ன லேஅவுட் ஒன்றை எழுதி, செட்வியூ என்ற கட்டளையால் அதை டோஸ்ட்டிடம் கொடுத்தால் முடிந்தது. நான் பட்ட அடி வேறு. போன் கேமராவில் எடுத்த தேங்காயை அப்படியே போட்டேன். 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்), புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரே ஒரு தேங்காய்க்கு 4 கோடியே 80 லட்சம் பைட் நினைவகம். மாமாவின் பழைய போன் மூன்றாவது தேங்காயில் மூச்சை விட்டது. 288 புள்ளிச் சதுரமாகக் குறுக்கியபின் மூன்றரை லட்சம் பைட்டுக்குள் அடங்கியது.

இன்னொன்று, டோஸ்ட்கள் வரிசையில் நிற்கும். பீலிக்கான் கோயிலுக்குப் போகிற கூட்டம் வந்து தேங்காய், கற்பூரம், எலுமிச்சை என்று ஏழு சாமான் காலியானால், ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆள் சாமானை வாங்கிக்கொண்டு தெருமுனை தாண்டியிருப்பார், இங்கே எலுமிச்சை அப்போதுதான் எட்டிப் பார்க்கும். புதியதைக் காட்டுமுன் பழையதை கேன்சல் செய்ய வேண்டும் என்பது தெரிய எனக்கு ஒரு திருவிழா ஆனது.

இனி என் நிரந்தர எரிச்சலுக்கு வருகிறேன். நேரம். டோஸ்ட்டுக்கு இரண்டே அளவு: குட்டை என்றால் 2 நொடி, நீளம் என்றால் மூன்றரை நொடி. நாலு நொடி கேட்டால் கிடையாது. மாமாவின் மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருக்கும். போன் மினுங்கும். கையை விடுவார், கண்ணாடியை எடுப்பார், வேட்டி நுனியில் துடைப்பார், மாட்டுவார். திரை காலி. "என்னமோ வந்துச்சுப்பா, போயிருச்சு." ஆறேழு வருஷமாக நான் கேட்கும் ஒரே விமர்சனம் இதுதான். அதையே இரண்டு முறை காட்டச் செய்தேன். நடுவில் ஒரு மினுக்கல் விழுந்தது. "ரெண்டு தேங்காயா?" என்று கேட்டார். தொட்டால் நிற்குமா என்றால் அதுவும் இல்லை, டோஸ்ட்டுக்குத் தொடுகை தெரியாது. ஆயிரம் வசதி செய்து வைத்தவர்கள் ஒரு கிழவர் கண்ணாடி மாட்டும் நேரத்தைக் கொடுக்கவில்லை.

அதையும் ஒரு வழியாகப் பொறுத்துக்கொண்டோம். கடையில் ஒரு தனிச் சுகம் இருந்தது: மாமா தன் போனில் பழைய படம் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார், ஆப் பின்னால் ஓடும், கல்லாவில் கடைசித் தேங்காய் விற்றால், படத்தின்மேலேயே சிவப்புத் தேங்காய் வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு 11 அதற்கு வேட்டு வைத்தது. 2021 நவம்பர் முதல் பிளே ஸ்டோரில் புதுப்பிக்க வேண்டுமானால் ஆப் குறைந்தது அந்தப் பதிப்பையாவது குறிவைத்தே தீர வேண்டும், அதாவது அதற்காகச் செய்தது என்று அறிவித்தே தீர வேண்டும் என்றார்கள். குறிவைத்தால், ஆப் பின்னணியில் இருக்கும்போது நாம் வடிவமைத்த டோஸ்ட் வராது. பிழைச்செய்தி இல்லை, ஆப் விழவும் இல்லை, தேங்காய் மட்டும் காணோம். போனின் பதிவேட்டை (லாக்) தோண்டினால்தான் 'தடுத்துவிட்டேன்' என்று ஒரு வரி கிடக்கும். ஆப் முன்னால் இருந்தால் வரும், ஆனால் செட்வியூவைக் கைவிடப்பட்டது என்று கூகுள்காரர்கள் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2017இல் ஒரு ஓட்டை வெளியானது: டோஸ்ட்டைத் திரை முழுக்க விரித்து, அடியில் இருக்கும் அனுமதிப் பொத்தானை நாம் அறியாமல் அழுத்தவைக்கலாம். திருடனுக்குப் பூட்டுப் போட்டால் நம் கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்தான். ஆனால் வெறும் எழுத்து டோஸ்ட்டுக்கு என்ன ஆயிற்று பாருங்கள். எங்கே காட்டுவது என்று நாம் சொன்னால் கேட்காது. ஆண்ட்ராய்டு 12ஐக் குறிவைத்தால் இரண்டு வரிக்கு மேல் வெட்டிவிடும். பக்கத்தில் ஆப்பின் சின்னத்தை அதுவே ஒட்டிக்கொள்ளும். ஆக, டோஸ்ட்டில் படம் இன்று சட்டப்படி உண்டு. நம் தேங்காய்க்கு மட்டும் இடமில்லை.

அறிவிப்பாக மாற்றிப் பார்த்தேன். பெரிய படம் போடலாம், நிற்கும், கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆற அமரப் பார்க்கலாம். மாமா எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகிறார். வாழ்த்துப் படங்கள், சலுகை விளம்பரங்கள், தேங்காய், எல்லாம் ஒரே குப்பை அவருக்கு.

போன மாதம் அவர் போன் போர்டு போய், ரிப்பேர்க்காரர் இது தேறாது என்று சொல்ல, புதுப் போன் வாங்கினோம். உட்கார்ந்து நியாயமாக யோசித்தேன். பிறகு நியாயத்தை ஓரம் வைத்துவிட்டு, பிளே ஸ்டோரே வேண்டாம் என்று, ஆண்ட்ராய்டு 10ஐக் குறிவைக்கும் பழைய எண் 29லேயே ஏபிகே, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பு, கட்டி நேரடியாக ஏற்றினேன். பழைய ஆண்ட்ராய்டுக்காகச் செய்த ஆப் என்று எச்சரித்தது. இருக்கட்டும். அன்று மாலையே பழைய படம் ஒன்றின் நடுவில் சிவப்புத் தேங்காய் வந்தது. மாமா பையில் கையை விட்டார். போய்விட்டது.

நண்பனுக்கு எழுதிய பதில்: வைக்காதே. மருந்து விஷயம், மூன்றரை நொடியில் தவறவிட்டால் தேடி எடுக்க வழியில்லை. ஆப்புக்குள்ளேயே என்றால் திரையின் அடியில் எழும் ஸ்நாக்பார் பட்டை போடு, கட்டாயம் பார்த்தாக வேண்டியதென்றால் 'சரி' அழுத்தும்வரை நிற்கும் பெட்டி போடு.

நேற்று ராத்திரி அவனிடமிருந்து நாற்பது மாத்திரை அட்டைப் படங்கள் வந்தன, ஒவ்வொன்றும் கேமராவில் எடுத்தபடியே. கீழே ஒரு வரி: "இந்த சைஸ் போதுமாடா?"