ஆபரேஷனா, இக்சியா? லேப் டேபிளிலிருந்து ஒரு கணக்கு

காலை எட்டரை மணிக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர், விந்து டெஸ்டுக்கான மாதிரி இருந்த ஒரு சின்ன டப்பாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எங்கள் லேப் கவுண்டரில் வைத்தார். நியூஸ்பேப்பர் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு. வீட்டில் எடுத்து, இரண்டு பஸ் மாறிப் புதுச்சேரி வந்திருக்கிறார்.

"எடுத்து எவ்ளோ நேரம் ஆச்சுண்ணே?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும் தம்பி."

டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்க வேண்டும். நேரம் போகப்போக விந்தணுக்கள் அசைவை இழக்கும். நல்ல மாதிரிக்குக்கூட 'ஓட்டம் இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும். கடலூர் பஸ் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று வருவதற்குள் அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும். கூச்சத்தைப் பார்க்காமல் லேபில் உள்ள அறையிலேயே எடுப்பதுதான் சரி. அதற்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து மனைவியோடு வந்தார். அளவு 2 மில்லி. ஒரு மில்லிக்கு 9 மில்லியன் அணுக்கள், அதாவது 90 லட்சம். அசைவு 25 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 16 மில்லியன், அசைவு 42 சதவீதம். கல்யாணமாகி நாலு வருஷம். அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் முடிந்து, கையில் ஒரு தடி ஃபைல். கணவர் டப்பாவைத் தொட்டது இதுதான் முதல்முறை. ஆணுடைய டெஸ்ட் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். அதை ஏன் கடைசியில் வைக்கிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

டாக்டர் பரிசோதித்ததில் இடது பக்கம் வெரிகோசீல். விதைப்பைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்து, புழு சுருண்ட மாதிரி கையில் தட்டுப்படும். இடது பக்க ரத்தக்குழாய் சிறுநீரக ரத்தக்குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேருவதால் ரத்தம் தேங்குவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். தேங்கினால் சூடு ஏறும், அணு உற்பத்தி கெடும். இப்போது அவர்கள் முன்னால் இரண்டு வழி: ஆபரேஷன், இல்லையென்றால் நேரே இக்சி, அதாவது லேபில் முட்டைக்குள் அணுவை ஊசியால் செலுத்திக் கரு உண்டாக்குவது. நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு வழியிலும் போனவர்களின் ரிப்போர்ட்டை வருஷக்கணக்கில் எண்ணித் தந்தவன்.

ஆபரேஷன் கணவன் உடம்பில் நடப்பது. இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு, மைக்ராஸ்கோப் வைத்துப் புடைத்த குழாய்களை மட்டும் கட்டிவிடுவார்கள். சில நாளில் வேலைக்குப் போய்விடலாம். பலன்தான் மெதுவாக வரும். ஓர் அணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதத்துக்கு முன் டெஸ்ட் எடுப்பது வீண். கவுண்ட், அதாவது அணு எண்ணிக்கை, எல்லோருக்கும் ஏறிவிடாது. 2011இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் தானாகக் கரு தங்கியது ஆபரேஷன் செய்தவர்களில் 32.9 சதவீதம், செய்யாதவர்களில் 13.9 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு அந்த வருஷம் நடக்கவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. இன்னொன்று: கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிகிற வெரிகோசீலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஸ்கேன் பேப்பரை மட்டும் பார்த்துத் தேதி குறித்தால், நிற்க வைத்துக் கையால் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இக்சி 1992இல் பெல்ஜியத்தில் வெற்றி கண்ட முறை. ஒரு முட்டைக்குள் ஒரே ஓர் அணுவை ஊசியால் செலுத்துவார்கள். கவுண்ட் எவ்வளவு குறைந்தாலும் வழி உண்டு, காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் குறை கணவனிடம், ஊசி மனைவிக்கு! பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சிலருக்குச் சினைப்பை வீங்கி நீர் கோர்க்கும் சிக்கல். தனியாரில் ஒரு சுற்றே லட்சத்தைத் தாண்டும். முதல் சுற்றிலேயே பலிக்கும் என்று எவரும் எழுதித் தர முடியாது.

அப்படியானால் யார் எந்தப் பக்கம் போவது? என் கணக்கில் தராசு முள் மனைவியின் வயது. இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் காத்திருப்பதால் பெரிய நஷ்டமில்லை. ஆபரேஷனை முதலில் பார்ப்பேன். முப்பத்தெட்டு என்றால் அந்த ஒரு வருஷம் முட்டைக் கையிருப்பில் கழியும், இக்சிதான். நடுவில் ஐயுஐ இருக்கிறது: அணுக்களைக் கழுவிக் கருப்பைக்குள் விடுவது, செலவும் குறைவு. ஆனால் அசையும் அணுக்கள் மொத்தம் 5 மில்லியனுக்குக் கீழே என்றால் பலன் சொற்பம்.

கவுண்ட் பூஜ்யம் என்று வந்தால் இந்தக் கணக்கே வேறு. அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று முதலில் பிரித்தாக வேண்டும். அடைப்பு என்றால் விதையிலிருந்தே ஊசியால் அணு எடுத்து இக்சி செய்யலாம். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் டாக்டரிடம் அதை மறைக்கக் கூடாது. ஆண்மைக்கு என்று போடுகிற அந்த ஊசியே அணு உற்பத்தியை நிறுத்திவிடும்.

கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும் 'ஆண்மைக் குறைவா?' போஸ்டர், லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு நாள் பார்க்கும் வைத்தியர் என்று மூன்றாவது வழியும் பலருக்கு உண்டு. படுக்கையில் எந்தக் குறையும் இல்லாதவனுக்கும் கவுண்ட் குறைவாக இருக்கலாம்; போஸ்டர் இரண்டையும் ஒன்றாக்கிப் பணம் பார்க்கிறது. இங்கிலீஷ் மருந்திலும் இந்தக் கதை உண்டு. ஃபோலிக் ஆசிட், ஜிங்க் மாத்திரையை 2,370 ஜோடிகளில் சோதித்து 2020இல் அமெரிக்காவில் முடிவு சொன்னார்கள்: கவுண்டும் ஏறவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. சிகரெட்டை நிறுத்துவதற்கு மாத்திரைச் செலவுகூட இல்லை.

பண்ருட்டிக்காரர் ஆபரேஷனுக்குச் சரி என்றார். காசு யோசனை இருந்ததால் கோரிமேடு ஜிப்மரில் யூராலஜி ஓ.பி. சீட்டுப் போடச் சொன்னேன். விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும், தேதி கிடைக்க அலைய வேண்டும், அலைந்தார். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தபோது டப்பாவை லேபிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு மில்லிக்கு 14 மில்லியன், அசைவு 38. "இன்னும் பதினாறு வரலியேண்ணா, ஃபெயிலா?" என்றது அந்தப் பெண். பேப்பரின் பின்பக்கம் பெருக்கிக் காட்டினேன்: முன்பு 2 மில்லியில் ஓடியவை நாலரை மில்லியன், இப்போது பத்தரைக்கு மேல். ஐயுஐக்கே போதுமான அளவு. இன்னும் மூன்று மாதம் வீட்டிலேயே முயற்சி செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அடுத்த டெஸ்ட் மாசியில்.