இரண்டு சேர்மார்: யாரிடம் வேலை செய்வது?

கொள்ளுப்பிட்டியில் ஒரே கந்தோரில் எட்டு வருடம் இருந்தேன். அதில் இரண்டு மனேஜர்கள். முதலாமவருக்குத் தன்னைப் பற்றிப் பேசி அலுக்காது. மற்றவர் வாய் திறப்பதே அபூர்வம். புதிதாக வேலை தேடும் பிள்ளைகள் யோசனை கேட்டால் இந்த இருவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நேர்முகத் தேர்விலும் முதல் சில மாதங்களிலும் முதலாமவரை யாரும் வெல்ல முடியாது. கோபத்தோடு வரும் வாடிக்கையாளருக்கு முன்னால் அவர்தான் போய் நிற்பார். பல ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வும் தற்காதல் (தன்னையே பெரிதாக நினைக்கும் குணம்) மிகுந்தவர்கள் எளிதில் தலைமைக்கு வருகிறார்கள் என்கிறது. அவர்களுடைய கலகலப்பான சுபாவம்தான் அதற்குப் பெரிய காரணம். ஆனால் வந்தபின் மற்றவர்களைவிடத் திறமையாக நடத்துகிறார்கள் என்று அது காட்டவில்லை. தற்காதல் நடுத்தரமாக இருப்பவரே நன்றாகச் செய்கிறார். அறவே இல்லாவிட்டாலும் சரிவராது.

வித்தியாசம் தெரிவது கெட்ட செய்தி வரும்போது. ஒரு மாத முடிவில் எங்கள் கிளார்க் அக்கா ஸ்டொக் கணக்கில் பிழை கண்டார். தாளில் பென்சிலால் வட்டமிட்டு, கண்ணாடிக் கதவு வரை போனார். உள்ளே சேர் தன் திட்டத்தைப் போனில் புகழ்ந்துகொண்டிருந்தார். அக்கா திரும்பி வந்து தாளை லாச்சியில் போட்டார். "இப்ப சொன்னா எனக்குத்தான் ஏச்சு, தம்பி." மூன்று வாரம் கழித்துப் பிழை வெளியே வந்தது. பழியும் அக்கா தலையிலேயே விழுந்தது. இன்றும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

2011இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று பேர் கொண்ட குழுக்களில் இதையே கண்டார்கள். தற்காதல் மிகுந்த தலைவரின் கீழ் ஆட்கள் தமக்குத் தெரிந்ததைக் குறைவாகவே பகிர்ந்தார்கள், முடிவும் மோசமானது. அப்படியிருந்தும் தலைவர் கெட்டிக்காரர் என்றே குழு மதிப்பிட்டது.

இரண்டாமவர் வந்தபின் அதே அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே போவார். "எங்க, காட்டுங்க பாப்பம்" என்று கண்ணாடியைத் தேடுவார் சேர். அவரிடமும் குறை உண்டு. மேலிடத்தில் எங்களுக்காக வாதாடத் தெரியாது. ஒரு வருடம் போனஸ் குறைந்தது அதனால்தான்.

என் தெரிவு இரண்டாமவர். போனஸ் குறைந்ததைத் தாங்கிக்கொள்ளலாம், லாச்சிக்குள் போன தாளைத் தாங்க முடியாது. வேலைக்குச் சேருமுன் அங்கே இருப்பவர் ஒருவரோடு பிளேன்டீ குடித்து, "கடைசியாக சேரிடம் ஒரு பிழையைச் சொன்னது யார், அவர் இப்போது எங்கே?" என்று கேளுங்கள்.