பழைய டொல்பின் வேனுக்கு என்.சி. பெயின்டா, டூ-கே பெயின்டா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் பழைய வேனைக் கராஜுக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியே இதுதான்.

என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் மலிவு. தின்னர் ஆவியாகிப் பறந்ததும் காய்ந்துவிடும். தூசி ஒட்ட நேரமில்லை, சாதாரணக் கொட்டகையே போதும். ஆனால் நம்ம ஊர்ப் பனிமூட்டம் இதற்குப் பரம எதிரி. தின்னர் பறக்கும்போது தகரம் குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். கறுப்பு பொனட் கண் முன்னாலேயே வெளுத்துச் சாம்பல் பூக்கும். அப்புறம் தின்னர் பறப்பதை மெதுவாக்கும் ரிட்டார்டர் கலந்து திரும்ப அடிக்க வேண்டும். பல கோட், கட் அண்ட் பொலிஷ் என்று கூலியும் ஏறும். காய்ந்த பிறகும் தின்னர் துணி பட்டால் கரையும்.

டூ-கே என்பது இரண்டு பாகப் பெயின்ட். அதை இறுக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிப்பதால் பெயின்ட் இறுகிவிடும். பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். விலை கூட. மெதுவாகக் காய்வதால் தூசியில்லாத அறை வேண்டும், அடிப்பவருக்குத் தரமான மாஸ்க் கட்டாயம். அடியில் பழைய என்.சி. இருந்தால் அது சுருங்கி மேல் பெயின்டையும் தூக்கிவிடக் கூடும். சுரண்டி எடுக்கிற கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிங்கரிங், புட்டி, தேய்ப்புச் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கூரை ஓரக் கானில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், தகரம் துருவேறிப் பொலபொலவென்று உதிர்ந்தால் தகர வேலைச் செலவுக்கு முன்னால் பெயின்ட் விலை பெரிய விஷயமே இல்லை.

வேனை வைத்து ஓட்டுவதென்றால் என் தேர்வு டூ-கே, அதுவும் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரு கதவுக்கு மட்டும் என்றால் என்.சி. போதும். நிறத்தை மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், அந்த அலைச்சல் தனி.